வார இறுதி பி.எட். என்று 85,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்கள் கவனத்துக்கு

85,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு கல்வி ஆலோசனை மையம் அதை வாங்கிக்கொண்டு, எங்குமே செல்லாத ஒரு பி.எட். சேர்க்கை அட்டையை என் கையில் திணித்திருக்கிறது. பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பலகை மாட்டிக்கொள்வார்கள். மாடியில் இரண்டு அறை, சுவர் முழுக்கப் பட்டமளிப்புப் படங்கள், வாசலில் "சேர்க்கை நடைபெறுகிறது" என்ற பேனர். இப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் படியேறாதீர்கள்.

நான் எம்.எஸ்சி. கணிதம். பாலக்கோடு பக்கம் தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுத பி.எட். இல்லாமல் முடியாது. ஓராண்டாக இருந்த படிப்பை 2015 முதல் இரண்டாண்டு ஆக்கிவிட்டார்கள். தொலைநிலையில் படிக்கலாம் என்றால், அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான். சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டாண்டு கல்லூரிக்குப் போக என் வீட்டில் வழியில்லை. என்னைப் போன்றவர்களைக் குறிவைத்துத்தான் இந்தக் கடையே.

அங்கிருந்த பெரியவர் தன்னை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்றார். "வாருங்கள் டீச்சரம்மா" என்று எழுந்து நின்று வரவேற்றார். மதிப்பெண் பட்டியலை நிதானமாகப் படித்து, "கணிதத்தில் இவ்வளவு மதிப்பெண் வாங்கியவர் இன்னும் தனியார் பள்ளியில் இருக்கலாமா?" என்றார். நான் முதலில் கேட்டதே அங்கீகாரத்தைப் பற்றித்தான். முகம் சுளிக்காமல் கணினியைத் திருப்பி, தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் பட்டியலில், என்னைச் சேர்க்கப்போவதாகச் சொன்ன அண்டை மாநிலக் கல்லூரியின் பெயரைக் காட்டினார். பெயர் உண்மையாகவே இருந்தது. சனி, ஞாயிறு ஓசூரில் வகுப்பு, தேர்வுக்கு மட்டும் கல்லூரிக்குப் போனால் போதும் என்றார். முதலில் 50,000 கட்டினேன், பிறகு 35,000. இரண்டுக்கும் முத்திரை குத்திய ரசீது உடனே வந்தது. யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

ஓசூரில் ஒரு வாடகை மண்டபத்தில் சில வாரம் வகுப்பு நடந்தது. பிறகு நின்றது. கேட்டால் "பேராசிரியர் விடுப்பில் இருக்கிறார்", "பல்கலைக்கழகத்தில் சர்வர் கோளாறு", "தேர்வுக் கட்டணம் மேலிடத்துக்குப் போய்விட்டது, பதற வேண்டாம்." டீச்சரம்மா போய் "மேடம்" ஆனேன். பிறகு தொலைபேசியை எடுப்பதே வேறு ஒரு பெண். "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு பாடம் தெரியாது.

எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் அதே பட்டியலைத் திறந்து காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. கவுன்சில் அங்கீகாரம் கொடுப்பது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக. அந்தக் கல்லூரிக்கு இருப்பது தொடக்கக் கல்வி டிப்ளமோவுக்கு மட்டும். பி.எட்.டுக்கு இல்லை. பெரியவர் கல்லூரிப் பெயரைக் காட்டினார், படிப்பின் பெயர் இருந்த வரியைத் திரைக்குக் கீழே தள்ளிவிட்டிருந்தார். இன்னொன்று: பி.எட்.டுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள் வேண்டும் என்பது விதி. ஆண்டின் எல்லாச் சனி ஞாயிறையும் கூட்டினாலும் 104தான் வரும். கணக்கு வாத்தியார் எனக்கே கணக்குக் காட்டிவிட்டார்கள்.

ரசீதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். "இதில் படிப்புக் கட்டணம் என்று இல்லையே அம்மா" என்றார்கள். பொடி எழுத்தில் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறது! 85,000 ரூபாய்க்கு ஆலோசனையாம். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மையத்திலோ, வாங்கி வைத்துக்கொண்ட என் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர இன்னும் 10,000 கேட்கிறார்கள். திருடியவனுக்கே வாடகை!

எப்படித் தப்பிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கவுன்சில் பட்டியலில் கல்லூரிப் பெயரோடு படிப்பின் பெயரையும் உங்கள் கைபேசியிலேயே பாருங்கள், அவர்கள் கணினியில் வேண்டாம். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். அசல் சான்றிதழை எந்த மையத்திலும் விட்டுவராதீர்கள். இதே மண்டபத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் படித்தால் உடனே பதில் எழுதுங்கள். தனித்தனியாகப் போனால் விரட்டுகிறார்கள், எல்லோரும் சேர்ந்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுப்போம்.