கம்யூனிட்டி நோட்ஸ்: எதிர்ப்பக்கமும் தலையாட்ட வேண்டும்

எக்ஸ் தளம் ட்விட்டராக இருந்த காலத்தில், 2021 ஜனவரியில், 'பேர்ட்வாட்ச்' என்ற பெயரில் அமெரிக்காவில் சோதனையாக ஆரம்பித்த வசதிதான் இந்தக் கம்யூனிட்டி நோட்ஸ். தவறான தகவல் உள்ள பதிவுக்குக் கீழே பயனர்களே ஆதாரத்தோடு குறிப்பு எழுதலாம். அது உதவுகிறதா என்று மற்றவர்கள் மதிப்பிடுவார்கள்.

சூட்சுமம் மதிப்பீட்டில்தான். ஒரே பக்கத்து ஆட்கள் ஆயிரம் பேர் 'ஆமாம்' போட்டாலும் குறிப்பு வெளியே வராது. வழக்கமாக எதிரெதிராக மதிப்பிடுகிறவர்கள் ஒரே குறிப்பை நல்லது என்று சொன்னால்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கணக்குப் போடும் நிரலையும் தரவையும் பொதுவிலேயே வைத்திருக்கிறார்கள். சந்தேகம் உள்ளவர் இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம். நான் தரும் மதிப்பெண்ணில் பாதி இதற்கே.

சேர்ந்த உடனே எழுத விடமாட்டார்கள். முதலில் பிறர் குறிப்புகளை மதிப்பிட்டு 5 புள்ளி சேர்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு எரிச்சல்தான், மெய்ப்பு பார்த்தே பிழைக்கும் எனக்குப் பழகிய வேலை. 'ஆமாம்', 'ஓரளவு', 'இல்லை' என்பதில் ஒன்றைத் தொட்டதும் காரணம் கேட்கும்: ஆதாரம் தரமானதா, எளிதாகப் புரிகிறதா, மொழி நடுநிலையா, இல்லையென்றால் வம்புக்கு இழுக்கிறதா, வெறும் அபிப்பிராயமா, இந்தப் பதிவுக்குக் குறிப்பே தேவையில்லையா. கடைசிக் காரணத்துக்குத்தான் எனக்கு அதிக வேலை. சும்மா கிண்டலுக்குப் போட்டதற்கெல்லாம் நாலு சுட்டியோடு மறுப்பு எழுதி வைத்திருப்பார்கள்!

பழைய வெள்ளப் படத்தை இன்று எடுத்தது என்று போட்ட ஒரு பதிவுக்கு இரண்டு குறிப்புகள் வந்திருந்தன. ஒன்று, 'வழக்கம்போல இந்தக் கும்பல் புளுகுகிறது' என்று தொடங்கியது. மற்றது, படம் முதலில் வெளியான ஆண்டையும் செய்தியின் சுட்டியையும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. தகவல் இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் முதலாவதைப் படிக்கும் எதிர்த்தரப்பு ஆள் சுட்டியைத் தொடவே மாட்டார். எழுதியவர் பெயரும் தெரியாது, தளம் கொடுக்கும் புனைபெயர் மட்டுமே. அதனால் ஆளைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்துக்கு இங்கே வேலையில்லை.

குறைகளுக்கு வருவோம். பழைய படம், திரித்த எண், வெட்டிய காணொளி என்றால் குறிப்பு கெட்டியாக நிற்கும். மக்கள் உண்மையிலேயே எலியும் பூனையுமாக நிற்கும் விஷயங்களில் இரு தரப்பும் ஒத்துப்போவதில்லை; குறிப்பு 'இன்னும் மதிப்பீடு தேவை' என்ற நிலையிலேயே தேங்கிவிடும். எழுதப்படுவதில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் கதி. வெளியே வருவதும் பலமுறை தாமதம்தான், அதற்குள் பதிவு ஊரெல்லாம் சுற்றிவிடும். பின்னால் குறிப்பு ஒட்டினால், அந்தப் பதிவை விரும்பியவர்களுக்கும் பகிர்ந்தவர்களுக்கும் அறிவிப்பு போகிறது. அந்த மட்டில் சரி.

2025 ஜனவரியில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் அமெரிக்காவில் தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்களை விட்டுவிட்டு இந்த வழிக்கு மாறுவதாக அறிவித்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நல்ல குறிப்புகள் பலவற்றில் கீழே இருக்கும் சுட்டி, அதே சரிபார்ப்பாளர்கள் உட்கார்ந்து தோண்டிய கட்டுரைக்குத்தான் போகிறது. அவர்களை அனுப்பிவிட்டால் எதைச் சுட்டுவது?

என் கணக்கில் 5-க்கு 3.5. தாமதத்தைக் குறைத்தால் 4 போடுவேன்.