வின்செஸ்டர் ஹார்ஸ்பவர் மியூசியம்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

பிரிட்டிஷ் லைட் குதிரைப்படை என்றாலே பலருக்கும் 1854-ல் கிரிமியப் போரில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நடந்த பாலக்லாவா பாய்ச்சல் ஒன்றுதான் ஞாபகம் வரும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஹார்ஸ்பவருக்குப் போனால் பாதியைத் தவறவிட்டுவிடுவீர்கள். இது கிங்ஸ் ராயல் ஹுசார்ஸ் ரெஜிமென்ட்டின் அருங்காட்சியகம். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து பெனின்சுலா பாரக்ஸுக்குப் பத்து நிமிட நடை. அனுமதி இலவசம். திறந்திருக்கும் நாட்களை மட்டும் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்களைக் குழப்புவது பெயர்கள்தான். 10, 11, 14, 20 என்று நான்கு ரெஜிமென்ட்டுகள் இதில் கலந்திருக்கின்றன. முதல் மூன்றும் 1715-ல் டிராகூன்களாக, அதாவது குதிரையில் போய் இறங்கியும் போரிடும் படைகளாகத் திரட்டப்பட்டவை. 14-வது 1776-லும் மற்ற இரண்டும் 1783-லும் லைட் டிராகூன்களாயின. ஹங்கேரிய லைட் குதிரைவீரர்களைக் குறிக்கும் ஹுசார் என்ற பெயர் அதற்கும் பிறகு வந்தது. 20-வது வேறு வம்சம்: 1858-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்தில் உருவான ஐரோப்பியக் குதிரைப்படை. 1922-ல் 14-ம் 20-ம் இணைந்தன, 1969-ல் 10-ம் 11-ம் இணைந்தன, 1992-ல் எல்லாம் ஒன்றாயின. இந்த வரிசை மனதில் இருந்தால்தான் எந்தச் சீருடை யாருடையது என்பது பிடிபடும்.

11-வதின் கருஞ்சிவப்புக் கால்சட்டையைக் கவனியுங்கள். இளவரசர் ஆல்பர்ட் விக்டோரியா ராணியுடனான தன் திருமணத்துக்காக 1840-ல் வந்திறங்கியபோது டோவரிலிருந்து கேன்டர்பரி வரை காவலாக வந்த படை இது. அதற்குக் கிடைத்த மரியாதையே ஹுசார் பட்டமும் அவர் பெயரும். பாலக்லாவாவில் சென்ற ஐந்து ரெஜிமென்ட்டுகளில் இதுவும் ஒன்று. சுமார் 670 பேர் பாய்ந்ததில் ஏறக்குறைய 110 பேர் மாண்டார்கள். ஆனால் லைட் குதிரைப்படையின் அன்றாட வேலை பீரங்கிக்கு நேரே பாய்வது அல்ல. முன்னால் போய் எதிரி எங்கே என்று பார்த்துச் சொல்வது. 1928-ல் 11-வது குதிரையை விட்டுக் கவச காருக்கு மாறியும் இதே வேலையைத்தான் செய்தது. 1940-ல் லிபிய எல்லையில் உளவு பார்த்தவை அந்த கார்களே.

நிதானமாக நிற்க வேண்டிய இடம் ஒரு பழைய மர அலமாரி. 1914-ல், முதல் உலகப் போரில், பிரான்சில் நடந்த லு காட்டோ சண்டைக்குப் பின் படையைவிட்டுப் பிரிந்துபோன 11-வதின் சிப்பாய் பேட்ரிக் ஃபவுலர், 1915 ஜனவரி முதல் 1918 அக்டோபர் வரை பெர்த்ரி கிராமத்தில் மறைந்து வாழ்ந்தார். அதே வீட்டில் ஜெர்மானிய வீரர்களும் தங்கியிருந்தார்கள். அவர்கள் நடமாடும்போதெல்லாம் ஃபவுலர் இந்த அலமாரிக்குள் இருப்பார். உயரம் சுமார் ஐந்தரை அடி, ஆழம் 20 அங்குலம். இரண்டு கதவையும் பாருங்கள்: தட்டுகள் இல்லாத இடப்பக்கத்தில் அவர், தட்டுகள் உள்ள வலப்பக்கக் கதவைச் சந்தேகம் வராதபடி திறந்தே வைத்திருப்பார் வீட்டுக்கார அம்மாள் பெல்மோன்-கோபேர். அதே ஊரில் ஒளிந்திருந்த கார்ப்பரல் ஹல் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது தெரிந்தால்தான் அந்த அம்மாளின் துணிச்சல் எவ்வளவு பெரியது என்று புரியும்.

இந்தியத் தொடர்பைத் தேடுபவர்கள் 14-வதைப் பின்தொடரலாம்: 1849-ல் சீக்கியருடன் நடந்த சில்லியன்வாலா போர், 1858-ல் ஜான்சி முற்றுகை. இந்தப் பெயர்களை வெறும் போர் விருதாகக் கடந்துவிடாமல் எதிர்ப்பக்கம் நின்றவர்களைப் பற்றியும் முன்பே கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது. நேரம் இருந்தால் அதே வளாகத்தில் உள்ள குர்க்கா மியூசியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் உண்டு. 1945 ஏப்ரலில் இத்தாலியின் மெடிசினாவில் 14/20-வதும் குர்க்காக்களும் சேர்ந்து போரிட்டார்கள்; குறுக்காக வைத்த இரண்டு குக்ரிகளின் (குர்க்காக்களின் வளைந்த கத்தி) சின்னத்தை ரெஜிமென்ட் இன்றும் சட்டைக் கையில் அணிவது அதனால்தான்.