மூக்கனேரிக் கரையா, ஏற்காடா, வீட்டில் ஓர் இரவா?

எங்கள் நாய்க் காப்பகத்துக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்கள் அநேகமாக முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "ஒரு நாய ஏற்காடு கூட்டிட்டுப் போலாமாங்க?" ஆசை புரிகிறது. சேலத்து வெயிலில் கம்பிக்குள் கிடக்கிற நாய்க்கு மலைக்காற்று பட்டால் நல்லதுதானே? நானும் அப்படி நினைத்துத்தான் செவலையை காரில் ஏற்றினேன்.

செவலை நாட்டு நாய், ஐந்து வயது இருக்கலாம். அடிவாரம் தாண்டியதும் கொட்டாவி விட ஆரம்பித்தான். தூக்கம் வருகிறது என்று விட்டுவிட்டேன். அது குமட்டலுக்கு முன்னறிகுறி. அப்புறம் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான், எச்சில் நூலாக சீட்டில் வழிந்தது. இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதிலேயே காலையில் தின்ற சோறு முழுக்க வெளியே வந்துவிட்டது. ஓரங்கட்டித் துடைத்தால், கைப்பிடிச் சுவர் நெடுகக் குரங்குகள். ஏரிப்பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஹாரன் சத்தம். இறங்கியவன் நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். காற்று என்னவோ குளுகுளு என்றுதான் இருந்தது. அதை அனுபவித்தது நான் மட்டும்தான்.

மூக்கனேரி இதற்கு நேர் எதிர். கன்னங்குறிச்சியில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. செலவு இல்லை, ஒரு மணி நேரம் போதும். முதல் தடவை போனபோது கருப்பன் என்ற இன்னொரு நாய் பத்தடி நடந்து, ஒரு புங்கமரத்தின் அடியை நான்கு நிமிடம் மோந்துகொண்டே நின்றான். இழுக்காதீர்கள். நடப்பதைவிட அந்த மோப்பம்தான் அவனுக்குப் பெரிய விஷயம். ஒரு வாரம் ஒரே நாற்றத்தில் இருந்தவனுக்குப் புது நாற்றம் கிடைக்கிறது. வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், தாங்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது. பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும், அதனால் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸும் சேர்த்துப் போடுங்கள். கரையில் இருக்கிற தெருநாய்கள் தங்கள் எல்லையை விட்டுத்தராது. தூரத்தில் பார்த்ததுமே திரும்பிவிடுவது நல்லது.

இன்னொரு லாபம், நாலு பேர் பார்வையில் படுவது. "கண்ணு, இது கடிக்குமா?" என்று ஒரு பாட்டி கேட்டார். "கடிக்காதுங்க பாட்டி, வீடு தேடிட்டு இருக்கான்" என்றேன். நின்று பத்து நிமிடம் பேசினார். அமெரிக்காவில் 51 காப்பகங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், இப்படிக் கொஞ்ச நேரம் வெளியே போய்வந்த நாய்களைத் தத்தெடுக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடியிருந்தது. ஓரிரண்டு இரவு வீட்டில் தங்கிய நாய்களுக்கோ 14 மடங்கு. நம் ஊருக்கு அதே கணக்கு பொருந்துமா என்பது வேறு விஷயம், ஆனால் காரணம் இங்கேயும் உண்டு: வீட்டில் எடுத்த ஒரு போட்டோவைப் பார்க்கிறவர்களுக்கு அது காப்பகத்து நாயாகத் தெரிவதில்லை, வீட்டு நாயாகத் தெரிகிறது.

என் ஓட்டு வீட்டில் ஓர் இரவுக்குத்தான். வெளியே போய்வந்தால் நாயின் பதற்றம் இறங்கும் என்று நாம் நினைக்கிறோம். இரண்டரை மணி நேர உலாவை அளந்து பார்த்த ஆய்வில், அன்று கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறித்தான் இருந்தது. இறங்கியது இரவு தங்கலில். 2019இல் வெளியான ஆய்வில் 207 நாய்களிடம் அதைப் பார்த்தார்கள். காப்பகம் திரும்பியதும் பழைய அளவுக்கு வந்ததே தவிர அதைத் தாண்டிப் போகவில்லை. "ஒரு நாள் ருசி காட்டி ஏமாத்தறோமே" என்று வருந்துகிறவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

செவலையை இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். முதல் ஒரு மணி நேரம் கட்டிலுக்கு அடியில்தான். குளிப்பாட்டவில்லை, சொந்தக்காரர்களைக் கூப்பிடவில்லை. ஒன்பது மணிக்கு மெல்ல வெளியே வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே நான்கு காலையும் நீட்டிப் படுத்தான். இரவு முழுக்கக் குறட்டை! காப்பகத்தில் இரவெல்லாம் யாராவது குரைத்துக்கொண்டே இருப்பார்கள், அங்கே அவனுக்கு ஏது அப்படி ஒரு தூக்கம்?

வாடகை வீடு என்றால் முதலிலேயே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டிகளை எங்கேயும் எடுத்துப் போகாதீர்கள். எந்த நாயானாலும் பல் பட்டுவிட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போங்கள்.

ஏற்காடு போகவே கூடாதா என்றால், போகலாம். முதலில் மலையடிவாரத்தில் இருக்கிற குரும்பப்பட்டி வரை நாலைந்து தடவை காரில் ஏற்றிப் பழக்குங்கள். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். வார நாளாகப் பார்த்துப் போய், ஏரிப்பக்கம் நிற்காமல், ஆளில்லாத காப்பித் தோட்டச் சாலையில் இறக்குங்கள். வழியில் கொட்டாவி விட்டால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.