பிழியும்போது உறுமும் வாஷிங் மெஷின்: கையில் பத்தாயிரம் மட்டும் இருந்தால் எந்த வழி?

எட்டு ஆண்டுகள் ஓடிய ஆறு கிலோ முன்கதவு வாஷிங் மெஷின், துணி பிழியும் கட்டத்துக்கு வந்ததும் மாவு மில் ஓடுவதைப் போல உறுமத் தொடங்கினால், வீட்டுக்குள் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். பழசைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாம் என்பது ஒன்று. துணிதான் வெளுக்கிறதே, ஓடும்வரை ஓடட்டும் என்பது மற்றொன்று. சென்னையில் எங்கள் அடுக்ககத்து வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தபோது, இதற்கென்று ஒதுக்க முடிந்த தொகை பத்தாயிரம் ரூபாய். அந்த வரம்புக்குள் நின்று நான் எடைபோட்டுப் பார்த்த வழிகளை இங்கே அருகருகே வைக்கிறேன். விலைகள் நான் விசாரித்தபோது கிடைத்தவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை அவை மாறும்.

வழிகளை ஒப்பிடும் முன் சத்தத்தை இனம் பிரித்துவிட வேண்டும். ஏனெனில் எது மலிவு என்பதைத் தீர்மானிப்பது மெஷினின் வயதைவிட, சத்தம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்பதுதான். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடவென்று கேட்டால் வடிகால் பம்பில் நாணயமோ ஊக்கோ சிக்கியிருக்கலாம். பெரும்பாலான முன்கதவு மெஷின்களில் முன்பக்கம் கீழ் மூலையில் உள்ள சிறு மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழுவினால் காசு செலவில்லாமல் காரியம் முடிந்துவிடும். பிழியும்போது மெஷின் இடம்விட்டு நகர்ந்து தடதடவென்று இடித்தால், கால்கள் மட்டமாக நிற்கவில்லை, அல்லது முன்கதவு மெஷினில் ஷாக் அப்சார்பரோ மேல்கதவு மெஷினில் சஸ்பென்ஷன் ராடுகளோ தளர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். கீச்சென்ற ஒலியும் ரப்பர் கருகும் வாடையும் பெல்ட் பக்கம் கையைக் காட்டும். இவை எல்லாமே பெரும்பாலும் இரண்டு, மூன்றாயிரத்துக்குள் அடங்கிவிடும் வேலைகள். இவற்றுக்காக மெஷினை மாற்ற நினைப்பவர், அடுத்த பத்திகளைப் படிக்காமலே பணத்தை மிச்சப்படுத்தலாம்.

உண்மையில் யோசிக்க வைப்பது பேரிங் சத்தம், அதாவது டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் எஃகு உருண்டை வளையத்தின் சத்தம். வேகம் கூடக்கூட உறுமலும் கூடும். துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தால் கரகரப்பு விரலிலேயே தெரியும். டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கும்போது அதைச் சுற்றித் தண்ணீரைத் தாங்கும் வெளித்தொட்டி அசையாமல் டிரம் மட்டும் தனியே ஆடினால் ஐயத்துக்கே இடமில்லை. அடிப்படைக் காரணம் பெரும்பாலும் பேரிங் அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் ஆயில் சீல். அந்த ரப்பர் வளையம் தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவி, எஃகு உருண்டைகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. மெஷினின் பின்புறம் துரு நிறத்தில் கசிவு தென்பட்டால் அந்த வேலை நெடுநாளாக நடந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம்.

ஒன்றும் செய்யாமல் ஓட்டுவதும் ஒரு வழிதான்; மாதக் கடைசியில் பலரும் தேர்ந்தெடுப்பது அதைத்தான். சில வாரங்கள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் துணியைப் பாதியாகக் குறைத்து, பிழியும் வேகத்தை நிமிடத்துக்கு 1000 சுற்றிலிருந்து 500 சுற்றுக்கு இறக்கிவிடலாம். சுழற்சி விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடுகிறது. துணி சற்று ஈரமாக வரும், அவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் இப்படி இழுத்தடித்தால் பேரிங்கோடு சேர்ந்து அச்சும் தேய்ந்து, டிரம் வெளித்தொட்டியில் உரசி அதையும் கிழிக்கும். பெல்ட் இல்லாமல் மோட்டாரே டிரம்முக்குப் பின்னால் நேரடியாக அமர்ந்திருக்கும் மாடல்களில், கசியும் தண்ணீர் மோட்டார் மீதே விழும். மூவாயிரத்தில் முடியவேண்டியதை ஒன்பதாயிரமாக வளர்க்கும் வழி இது என்பதால், முதலில் இதைத்தான் பட்டியலிலிருந்து அடித்தேன்.

அடுத்த போட்டி நிறுவனத்தின் சர்வீஸுக்கும் தெருக்கோடி மெக்கானிக்குக்கும் இடையே. நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் வருகைக் கட்டணமாக ஐந்நூறு சொச்சம் வாங்கிக்கொண்டு, காது கொடுத்துக் கேட்ட மாத்திரத்தில் பேரிங் என்றார். தனி பேரிங் மாற்றுவதில்லை, தொட்டியை முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து ஒன்பதாயிரத்தைத் தொடும் என்றார். மெஷினின் நெற்றியில் ஒட்டியிருந்த “10 ஆண்டு உத்தரவாதம்” என்ற வில்லையைச் சுட்டிக்காட்டினேன். அது மோட்டாருக்கு மட்டும் உரியது என்று அவர் பொறுமையாக விளக்கினார். இதே விளக்கத்தை ஒவ்வொரு நாளும் எத்தனை வீட்டில் சொல்கிறாரோ தெரியவில்லை. இந்த வழியில் கிடைப்பவை புதிய சீல், புதிய தொட்டி, ரசீது, மாற்றிய பாகத்துக்குச் சில மாத உத்தரவாதம். இழப்பு, ஒதுக்கிய பணம் ஏறக்குறைய முழுவதும், எட்டு வயதான மோட்டாரும் எலக்ட்ரானிக் போர்டும் கொண்ட ஒரு மெஷினுக்குள் போய்விடுவதே. அடுத்த ஆண்டு போர்டு போனால் அந்த ஒன்பதாயிரமும் சேர்ந்தே போகும். இந்த வழியில் போகிறவர்கள் சர்வீஸ் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காமல், உத்தரவாத அட்டையிலிருந்தோ நிறுவனத்தின் செயலியிலிருந்தோ எடுப்பது நல்லது. தேடலில் முதலில் வருபவை போலி சர்வீஸ் மையங்களாகவும் இருக்கக்கூடும்.

தெரு மெக்கானிக் கேட்டது, இரண்டு பேரிங்கும் ஆயில் சீலும் கூலியும் சேர்த்து மூவாயிரத்து இருநூறு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இந்த மலிவுக்குப் பின்னால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, வெளித்தொட்டியின் இரு பாதிகளும் திருகாணிகளால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். சில மாடல்களில் அவை பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அவற்றை வாளால் அறுத்துத் திறந்து, மீண்டும் திருகாணியும் சிலிகானும் போட்டு மூடித் தருகிற கைகாரர்கள் இருந்தாலும், கசிவின்றி அது எத்தனை நாள் நிற்கும் என்பது சீட்டாட்டம் போலத்தான், நான் அதில் இறங்க மாட்டேன். இரண்டாவது நிபந்தனை ஸ்பைடர். டிரம்மின் முதுகைத் தாங்கி நிற்கும் மூன்று கைகளுள்ள அலுமினியக் கலவைப் பாகத்துக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் அது. காரத்தன்மையுள்ள சோப்புத் தண்ணீரும் உப்பும் சேர்ந்து அந்த அலுமினியத்தை ஆண்டுக்கணக்கில் அரிக்கின்றன. போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளில் இந்த ஐயம் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். ஸ்பைடர் பொரிந்து போயிருக்கும்போது புது பேரிங் போடுவது வீண். அதன் நிலை டிரம்மைக் கழற்றிய பிறகே தெரியும் என்பதால், வேலை தொடங்கும் முன்பே, ஸ்பைடர் போயிருந்தால் நிறுத்திவிட வேண்டும், கழற்றிய கூலி இவ்வளவு என்று பேசி முடித்துக்கொண்டேன். பேரிங்கின் பக்கவாட்டில் 6205, 6206 என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னதும் பின்னதும் அளவில் வேறாக இருப்பது வழக்கம். அந்த எண்களைக் குறித்துக்கொண்டு எஸ்.கே.எஃப்., என்.பி.சி. போன்ற பெயருள்ள பேரிங்கை நல்ல கடையில் நாமே வாங்கிக் கொடுத்தால் சில நூறு ரூபாய் கூடுமே தவிர, அடுத்த ஆண்டே மறுபடி உறுமும் வாய்ப்பு குறையும்.

பழைய மெஷின்களைச் சீர்செய்து விற்கும் கடைகளில் முன்கதவு மெஷின் ஏழு, எட்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. மேற்பூச்சு பளபளக்கும். ஆனால் அதனுள்ளே இருக்கும் பேரிங்கும் ஸ்பைடரும் என் வீட்டு மெஷினில் இருப்பவற்றைவிட இளையவை என்பதற்குக் கடைக்காரர் வாய்ச்சொல் ஒன்றே சாட்சி. தெரிந்த நோயைக் கொடுத்துவிட்டுத் தெரியாத நோயை விலைக்கு வாங்குவதாகப் பட்டது. ஊர் மாறிச் செல்லும் நண்பர், கண்முன்னே முழு வேகத்தில் ஓட்டிக் காட்டி விற்றால் அது வேறு கதை.

பத்தாயிரத்துக்குள் புதிதாகவே வேண்டுமானால் மிஞ்சுவது செமி ஆட்டோமேட்டிக்தான். துவைக்கும் தொட்டியும் பிழியும் தொட்டியும் தனித்தனி, இரண்டுக்கும் தனித்தனி மோட்டார், பெரும்பாலும் கையால் திருகும் டைமர். எலக்ட்ரானிக் போர்டு இல்லாததால் கெட்டுப்போவதும் குறைவு, கெட்டால் ஆகும் செலவும் குறைவு. எந்தச் சிற்றூரிலும் இதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார். குழாயில் அழுத்தம் இல்லாவிட்டால் வாளியில் மொண்டு ஊற்றியும் துவைக்கலாம் என்பது லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்களில் பெரிய ஆறுதல். அதே தெருக்களில், அலசுவதற்கு முன்கதவு மெஷினைவிட நிறையத் தண்ணீர் கேட்கும் என்பது அதன் மறுபக்கம். ஈரத்துணியைக் குனிந்து எடுத்துப் பிழியும் தொட்டிக்கு மாற்ற ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதுகுவலி உள்ள என் தாயார் அந்த ஆளாக இருக்க நேரும் என்பதுதான் எங்கள் வீட்டில் இந்த வழியைத் தோற்கடித்தது. இளையோர் இருவர் மட்டும் வாழும் வீடாக இருந்தால் நான் தயங்காமல் இதையே வாங்கியிருப்பேன்.

எக்ஸ்சேஞ்சில் புதிய முன்கதவு மெஷின் எடுப்பது கணக்கிலேயே நிற்கவில்லை. இருபத்தைந்தாயிரத்துக்குக் கீழ் நல்லது கிடைப்பது அரிது. பழையதற்குத் தருவதாகச் சொன்ன ஆயிரத்து ஐந்நூறை, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் பேரம் பேசியபோதே இன்னொரு கடைக்காரர் குறைத்துக்கொண்டார். வட்டியில்லா இ.எம்.ஐ. என்பதிலும் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று ஓரமாக வந்து நிற்கும். கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைகள் தனியாக வாழ்பவருக்குப் பொருந்தலாம். கிலோவுக்கு எழுபது ரூபாய் வீதம் வாரம் பத்து கிலோ துணி போடும் குடும்பத்துக்கு, பதினான்கே வாரத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் கரைந்துவிடும்.

ஆக, எங்கள் மெஷினில் தொட்டி திருகாணி போட்டது என்று உறுதியானதும் தெரு மெக்கானிக்கையே அழைத்தோம். ஸ்பைடரின் ஒரு கையில் வெள்ளைப் பொரிவு மேலாக இருந்ததே தவிர விரிசல் இல்லை. அரை நாள் வேலை. கழற்றிய பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தேன், பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. மெக்கானிக் கிளம்பும் முன் காலி டிரம்மை முழு வேகத்தில் ஓட்டிக் கேட்டுக்கொண்டதோடு, அன்றிரவு மெஷினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் தாள் உலர்ந்திருந்தது. மீதி ஆறாயிரத்து எண்ணூறில் வருகைக் கட்டணம் போக உள்ளதை, போர்டு என்றைக்காவது கை விரிக்கும் நாளுக்காகத் தனியே வைத்திருக்கிறோம்.