மைஃபோர்ட் எம்.எல்.7 லேத்துக்கு இன்வெர்ட்டர்: ஒரு மாரியும் ஒரு கச்சானும் கழித்து

என் லேத்துக்கு, அதாவது கடைசல் இயந்திரத்துக்கு, இன்வெர்ட்டரும் புது மோட்டரும் பொருத்தி முதன்முதலில் இரும்பில் உளியை வைத்த அன்று, அரை மில்லிமீட்டர் வெட்டுக்கே லேத் நின்றுவிட்டது. பழைய அரைக் குதிரைவலு மோட்டர் முனகிக்கொண்டாவது இழுத்த வேலை அது. வயரிங் செய்து தந்த பக்கத்து வீட்டுத் தம்பி கையை விரித்தான். "அங்கிள், மோட்டர்லதான் பிழை. திருப்பிக் குடுங்கோ." கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமானாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துத் திருகோணமலைக்குக் கொண்டுவந்த மோட்டரை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

என்னிடம் இருப்பது மைஃபோர்ட் எம்.எல்.7. இங்கிலாந்தில் நொட்டிங்ஹமுக்குப் பக்கத்தில் பீஸ்டன் என்ற இடத்தில் 1946 முதல் செய்த வகை. அந்தத் தொழிற்சாலையை 2011-இல் மூடிவிட்டார்கள். வீட்டுக் கராஜில் பொழுதுபோக்குக்குக் கடைகிறவர்களை நினைத்துச் செய்த சின்ன லேத் இது. 7 அங்குல விட்டம் சுற்றும், சென்டர்களுக்கு நடுவே 20 அங்குலம். வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் துளைக்குள் 15 மி.மீ. கம்பியே மட்டுமட்டாகத்தான் நுழையும். உப்புவெளிப் பக்கமிருந்து படகின் புரொப்பெல்லர் தண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பத்தான் முடியும். பம்புக்குப் பித்தளை புஷ், மீன்பிடி ரீலுக்குப் பின், இப்படியானதுதான் என் வேலை. மற்ற நேரமெல்லாம் ஒரு குட்டி நீராவி எஞ்சினுக்குப் போகிறது. அது நான்கு வருடமாக முடியாமல் கிடக்கிறது, அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஏன் மாற்றினேன்? ஒற்றைப் பேஸ் மோட்டர் சீராக இழுப்பதில்லை, துடித்துத் துடித்துத்தான் இழுக்கும். கடைசி வெட்டை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் பித்தளையின் மேல் மெல்லிய வரிகள் தெரிந்தன. மூன்று பேஸ் மோட்டர் வழவழப்பாக ஓடும். ஆனால் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஒற்றைப் பேஸ். அதை வாங்கி மூன்று பேஸாக மாற்றிக் கொடுப்பதுதான் இந்த இன்வெர்ட்டரின் வேலை. கூடவே ஒரு குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். 0.75 கிலோவாட் இன்வெர்ட்டர் இணையத்தில் வாங்கியது, 31,000 ரூபாய். 0.55 கிலோவாட் மோட்டர் 18,000.

முதல் சிக்கல் புல்லியில். பழைய மோட்டரின் தண்டு ஐந்தெட்டு அங்குலம், புதியது 19 மி.மீ. புல்லியின் துளையைப் பெருப்பிக்க வேண்டும். லேத்தில் பத்து நிமிட வேலை. ஆனால் நான் பழைய மோட்டரைக் கழற்றி, வயரையும் வெட்டிவிட்டேன்! மோட்டர் பூட்ட லேத் வேண்டும், லேத் ஓட மோட்டர் வேண்டும். மறுபடி பழையதை ஏற்றி, வேறொரு புல்லியைத் தற்காலிகமாக மாட்டி, மற்றதை நான்கு தாடைச் சக்கில் (வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் தலை) பிடித்து, டயல் அளவுமானி வைத்துச் சமன் பார்த்துத் துளைத்தேன். புல்லி தண்டில் வழுக்காமலிருக்கச் செருகும் சாவிக்கான 6 மி.மீ. காடியை, ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு உளியைப் பக்கவாட்டில் கட்டி, கையால் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி எடுத்தேன். ஒரு பின்னேரம் போய்விட்டது. தோள் மூன்று நாள் வலித்தது.

மோட்டர் இழுக்காததற்குக் காரணம் அடுத்த நாள்தான் பிடிபட்டது. பெயர்த்தகட்டில் 230/400 என்று போட்டிருந்தது. இன்வெர்ட்டர் தருவது 230. அதற்கு மோட்டரின் மூன்று சுருள்களையும் டெல்டாவாக, அதாவது முக்கோணமாக, கட்ட வேண்டும். எங்கள் மோட்டர் ஸ்டாரிலேயே, சுருள்களின் ஒரு முனையை நடுவில் சேர்த்த கட்டிலேயே, கிடந்தது. அப்படி விட்டால் ஒவ்வொரு சுருளுக்கும் கிட்டத்தட்ட 133 வோல்ட்தான் கிடைக்கும், இழுவை மூன்றில் ஒன்றாக விழும். பெட்டியைத் திறந்து பித்தளைத் தகடுகளைக் கழற்றி மாற்றிப் போட்டோம். திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும், இன்வெர்ட்டரின் கப்பாசிட்டர்கள் உடனே வடியாது. பிறகு அதே இரும்பு, அதே வெட்டு, சீவல் சுருண்டு விழுந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, கைநூல் என் மேசையில்தான் இருந்தது.

இந்த லேத்தில் சக் திருகு மரையில்தான் ஏறும், 1⅛ அங்குல மரை. இன்வெர்ட்டரில் நிற்கும் நேரத்தை அரை விநாடி என்று வைத்திருந்தேன், சட்டென்று நிற்கட்டுமே என்று. ஸ்பிண்டில் நின்றது, சக் நிற்கவில்லை. அரைச் சுற்றுக் கழன்று வந்தபோது நெஞ்சு திக்கென்றது. இப்போது நான்கு விநாடி வைத்திருக்கிறேன், பின்னோக்கிச் சுற்றுவதை அமைப்பிலேயே பூட்டிவிட்டேன். பழைய லேத்தில் மோட்டருக்குப் போகும் வயரில் ஒரு திருப்புச் சுவிட்ச் இருக்குமே, அதையும் எடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டருக்கும் மோட்டருக்கும் நடுவில் எந்தச் சுவிட்சும் இருக்கக் கூடாது.

வேகக் குமிழ் இருக்கிறதே என்று, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பேக் கியர் பல்சக்கரங்களை மறந்துவிட வேண்டாம். வழக்கமான 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 10 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மோட்டரின் வலு ஐந்தில் ஒன்றுதான். அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டர் கொதிக்கும். மறுபக்கம், எம்.எல்.7-இன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 640 சுற்று. ஸ்பிண்டில் ஓடுவது வெள்ளை உலோகப் பேரிங்கில், அதற்கு அதிக வேகம் ஆகாது. நான் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் போவதில்லை, அதுவே 768.

வீட்டுக்குள் வேறு கூத்து. லேத்தைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழும். "இஞ்சருங்கோ, சோறு அரை அவியலில நிக்குது" என்று குசினியிலிருந்து சத்தம் வரும். இன்வெர்ட்டர்கள் எர்த் வயர் வழியே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடும், அதுதான் காரணம். மின்சாரக்காரரைக் கூப்பிட்டுத் தனி லைனும், இன்வெர்ட்டருக்கு ஏற்ற தனி ட்ரிப் சுவிட்சும் போட்டுத்தான் சமாதானம் வந்தது. அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வரிகள் போயினவா? பாதி போயின. மீதி போகவில்லை. அப்போதுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து, ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் மேல் டயலை வைத்து, கம்பியை மேலே நெம்பிப் பார்த்தேன். முன் பேரிங்கில் மூன்று தௌ ஆட்டம் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பேரிங் மூடிக்குக் கீழே ஏடு ஏடாக உரிக்கும் தகடுகள் உண்டு. இரண்டு பக்கமும் சமமாக ஒவ்வொரு ஏடு உரித்து இறுக்கினேன். கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றியது, ஆட்டம் ஒரு தௌவுக்குள் வந்தது. மிச்ச வரிகளும் மறைந்தன. செலவு பூச்சியம். 49,000 ரூபாய் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடித்ததை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கோர்வைப் பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண வீ பெல்ட்டை மாற்ற ஸ்பிண்டிலையே கழற்ற வேண்டும். துண்டு துண்டாகக் கோர்க்கும் பெல்ட்டை அப்படியே சுற்றிக் கோர்த்துவிடலாம். அம்புக்குறி பார்த்துப் போட்டால் சத்தமும் குறைவு. இதை யோசிக்காமல் வாங்கலாம்.

ஆனால் எங்கள் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் மேலே உப்பு இருக்கிறது. மாரியில் வாடை அடிக்கும்போது காலையில் லேத்தின் வார்ப்பிரும்பு அடித்தளமான பெட் வேர்த்திருக்கும். ஒரு நாள் துடைக்காமல் விட்டால் விரல் அடையாளம் அப்படியே துருவாக நிற்கும். கச்சான் என்ற தென்மேல் காற்றுக் காலத்தில் வேர்வை இல்லை, மணல்தூசு. பெட்டுக்குத் தடிப்பான 68 எண்ணெய், ஸ்பிண்டிலுக்கு 32 ஹைட்ராலிக் எண்ணெய் பாவிக்கிறேன். வேலை முடிந்ததும் சொட்டுக் குப்பிகளை அடைக்க மறந்தால் காலையில் தட்டு நிறைய எண்ணெய். மூடிய துணிக்குள் ஒரு 15 வாட் பல்ப் இரவு முழுக்க எரிகிறது. தேங்காய் எண்ணெய் பூசச் சொன்ன நண்பரின் தையல் மெஷின் இப்போது பிசின் பிடித்துக் கிடக்கிறது.

இன்வெர்ட்டரை நான் முதலில் சுவரில் திறந்தபடியே மாட்டியிருந்தேன். எட்டாம் மாதம் அதன் விசிறி கிறீச்சிட்டு நின்றது. கழற்றிப் பார்த்தால் இதழெல்லாம் வெள்ளை உப்பும் இரும்புத் தூளும். அதே அளவில் 24 வோல்ட் விசிறி ஒன்றைப் பூட்டி, தூசு வடிகட்டி வைத்த தகரப் பெட்டிக்குள் அதைக் குடிவைத்திருக்கிறேன். போன கிழமை வடிகட்டியைத் தட்டினேன். ஒரு தேக்கரண்டி உப்பு விழுந்திருக்கும்.