விடுமுறையில் ஊர் மனையைச் சரிபார்க்க

மூன்று வார விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போய் மனை வாங்குகிறவர்களைத் தரகர்கள் அவசரப்படுத்தத்தான் செய்கிறார்கள். பாதி வேலையை விமானம் ஏறுமுன்பே இணையத்தில் முடித்துவிடலாம்.

ரெரா எனப்படும் 2016 மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவான திட்டத்தில் மனை விற்றுத்தரும் முகவருக்கும் பதிவு எண் வேண்டும். தமிழ்நாடு ரெரா தளத்தில் முகவர் பெயரையும் திட்டத்தின் எண்ணையும் தேடிப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தம் பதிவாகுமுன் மனைப்பிரிவு போட்டவர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் தரகரின் எண் அவருக்கு மட்டும்தான். நிலத்துக்கு அது சான்று ஆகாது.

நிலத்துக்கு வில்லங்கம் (அதன்மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் சான்று) போட்டுத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சர்வே எண் 112/3 என்று இருந்தது உட்பிரிவாகி 112/3ஏ ஆகியிருக்கும். புது எண்ணை மட்டும் கொடுத்தால் பழைய விற்பனையும் அடமானமும் வராது; வில்லங்கம் இல்லை என்று சான்று கையில் கிடைக்கும். இரண்டு எண்ணுக்கும் போடுங்கள். கிராமம் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் போடுங்கள். குறைந்தது 30 வருடம். வந்த ஒவ்வொரு பதிவிலும் எழுதிக் கொடுத்தவர் முந்தைய பதிவில் எழுதி வாங்கியவர்தானா என்று கோத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கண்ணி விட்டிருந்தால் வாரிசுச் சான்றோ உயிலோ கேளுங்கள். பதிவு செய்யாத உயிலும் ஒப்பந்தமும் வில்லங்கத்தில் வரவே வராது.

ஏற்கெனவே மனை வைத்திருப்பவர்களுக்கு, தங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம்தான் பெரிய ஆபத்து. பட்டா மாற்றவோ வேலி போடவோ ஆள் வேண்டுமென்றால் அந்த வேலையை மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அந்தப் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். ரத்து செய்தால் அந்த ரத்தையும் பதிந்துவிட்டு, பவர் வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள்.

போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிவிட்ட, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவு செல்லாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி சிவில் நீதிமன்றம்தான், வருடக்கணக்கில் இழுக்கும். விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் சர்வே எண்ணுக்கு நீங்களே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறைத் தளத்தில் பத்து நிமிட வேலை.