காஸல்ஸின் பாக் செல்லோ சூட்டுகள்: எந்த ரீமாஸ்டரை வாங்குவது?

செல்லோ மேதை பாப்லோ காஸல்ஸ் வாசித்த பாக்கின் ஆறு செல்லோ சூட்டுகளை (சூட் என்றால் நடன இசைப் பகுதிகளின் தொகுப்பு) ஸ்ட்ரீமிங்கில் தேடினால் ஒரே வாசிப்பு வேறு வேறு அட்டைகளில் வரிசையாக வந்து நிற்கும். பாதிக்கு மேல் 'ரீமாஸ்டர்' என்ற ஒட்டுப்பெயரோடு. வேடிக்கை என்னவென்றால், இந்த ரெக்கார்டுக்கு மாஸ்டர் டேப் என்று ஒன்று இருந்ததே இல்லை. 2, 3 ஆம் சூட்டுகள் 1936 நவம்பரில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவானவை. 1, 6 இரண்டும் 1938 ஜூனில் பாரிஸில், 4, 5 இரண்டும் 1939 ஜூனில் அதே பாரிஸில். மூன்று தடவையும் எச்.எம்.வி.தான். மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்குத் தட்டாக அடித்து விற்றார்கள். ஆகவே இங்கே ரீமாஸ்டர் என்றால், யாரோ ஒருவர் ஒரு தட்டையோ அச்சையோ எடுத்து, ஒரு முள்ளை வைத்து, ஒரு வேகத்தில் சுற்றவிட்டு, வந்த ஒலியைச் சுத்தம் செய்தார் என்று பொருள். பதிப்புக்குப் பதிப்பு காதில் விழும் வித்தியாசம் அந்த நான்கு முடிவுகளிலிருந்து வருவதுதான்.

போட்டியில் உண்மையாக இருப்பவை நான்கு. முதலாவது, எச்.எம்.வி.யின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யின் சொந்தப் பதிப்பு. 1988இல் 'ரெஃபரன்ஸஸ்' வரிசையிலும், 2003இல் 'கிரேட் ரெக்கார்டிங்ஸ் ஆஃப் த செஞ்சுரி' வரிசையிலும் வந்தது, 2013இல் இ.எம்.ஐ.யின் கிளாசிக்கல் பிரிவு வார்னர் கைக்குப் போனதால் இப்போது வார்னர் பெயரில் கிடைக்கிறது. இரண்டாவது நாக்ஸோஸ் ஹிஸ்டாரிக்கல் 2000இல் வெளியிட்டது. ஒலிமாற்றம் செய்தவர் வார்டு மார்ஸ்டன். மூன்றாவது ஜப்பானின் ஓபஸ் குரா. நான்காவது பிரான்சிலிருந்து இயங்கும் பிரிஸ்டீன், ஆண்ட்ரூ ரோஸின் 'எக்ஸ்.ஆர்.' முறையில் செய்தது. மற்ற பெயரில்லாப் பதிப்புகளில் பல இந்த நான்கில் ஏதோ ஒன்றை நகலெடுத்து, மேலே இன்னொரு முறை இரைச்சல் நீக்கியவை என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு. அவற்றைத் தொடவே வேண்டாம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு என்பது அரக்கும் கல்மாவும் (பொடித்த கல்) கலந்த கலவை. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து போனது. கல்மா எதற்கு என்றால், எஃகு முள் தட்டின் பள்ளத்துக்கு ஏற்றபடி தேய்ந்துகொள்ள வேண்டும். அந்தச் சொரசொரப்புதான் பின்னணியில் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்'. அது எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கிறது. ஆனால் செல்லோவில் வில் தந்தியைக் கவ்வும் சத்தம், விரல் மரத்தில் விழும் 'டொக்', ஒவ்வொரு சுரமும் பிறக்கும் அந்த முதல் நொடி எல்லாமே 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதே இடத்தில்தான் குடியிருக்கின்றன. ஸ்ஸ்ஸை வெட்டினால் இவையும் சேர்ந்து போகும். வில் இல்லாத செல்லோ ஹார்மோனியம் மாதிரிதான் ஒலிக்கும்.

இதைச் சோதிக்க ஒரே ஓர் இடம் போதும். இரண்டாம் சூட்டின் (டி மைனர்) முதல் பகுதியான பிரெலூடில் முக்கால் தூரம் போனதும் இசை ஏறி ஏறி வந்து ஒரு கார்டில் (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கொத்து) சட்டென்று நின்றுவிடும். அதன்பின் ஒரு மௌனம். 63 தாளக்கட்டில் இது 48ஆவது. அந்த மௌனத்தில் காதை வையுங்கள். பின்னணி ஸ்ஸ்ஸ் அதே அளவில் தொடர்ந்தால் நல்ல பதிப்பு. கார்டு அடங்க அடங்க இரைச்சலும் கூடவே அமுங்கி, அடுத்த சுரம் வந்ததும் மறுபடி எழுந்தால், கணினி இரைச்சலை உள்ளே வெளியே என்று திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. மௌனத்தில் தண்ணீர் சலசலப்பு மாதிரியோ சின்னப் பறவைக் குரல் மாதிரியோ ஏதாவது கேட்டால் இன்னும் மோசம்: இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கார்டு அறையில் எப்படிக் கரைகிறது? ஒலிமாற்றம் சரியாக இருந்தால் அபே ரோடு அறையின் எதிரொலி மெல்லத் தேய்வது இரைச்சலுக்கு அடியிலும் கேட்கும். இல்லையென்றால் கத்தரியால் வெட்டியதுபோல் முடியும்.

இந்த இடத்தில் நான்கையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஓபஸ் குராவில் இரைச்சல் கணிசம், நொடிக்கு 1.3 தடவை வரும் 'ஷ்ஷு, ஷ்ஷு' என்ற சுழற்சி ஓசைகூட அப்படியே இருக்கிறது (78 ÷ 60 = 1.3, தட்டு சுற்றும் கணக்கு). ஆனால் கார்டு முழு உடம்போடு வந்து, முழுதாகக் கரைகிறது. மார்ஸ்டன் கிளிக்குகளையும் பொரிச்சலையும் எடுத்திருக்கிறார்; ஸ்ஸ்ஸை ஓரளவு தாழ்த்தியிருக்கிறார், ஆனால் ஒரே மட்டத்தில் விட்டிருக்கிறார். வில் இருக்கிறது. இ.எம்.ஐ.யின் 2003 பதிப்பு அமைதியானது, வட்டமானது, காலையில் வேலைக்கு நடுவே போட்டுவிடத் தோதானது. ஆனால் வில்லின் கடி மழுங்கியிருக்கிறது. பிரிஸ்டீனில் அடிஸ்தாயி பெருத்து, அறை அகன்று, முதல் நிமிடத்தில் நான்கிலும் அதுவே அசத்தும். பத்தாவது நிமிடத்தில்தான் கேள்வி எழும்: இந்த அறை யாருடையது?

காரணம் அதன் முறை. எக்ஸ்.ஆர். என்பது நவீனப் பதிவு ஒன்றின் அலைவரிசைப் பரவலை மாதிரியாக வைத்துக்கொண்டு, பழைய பதிவை அதை நோக்கி வளைப்பது. பழைய மைக்குக்கும் வெட்டும் கருவிக்கும் இருந்த மேடு பள்ளங்களைச் சமப்படுத்த இது கெட்டிக்கார வழி. ஆர்கெஸ்ட்ரா ரெக்கார்டுகளில் பிரமாதமாக வேலை செய்கிறது. தனிச் செல்லோவில் சிக்கல். மாதிரிப் பதிவில் இருப்பது வேறு செல்லோ, வேறு கை. கோஃப்ரில்லர் என்ற பழைய கைவினைஞர் செய்த காஸல்ஸின் செல்லோவுக்கென்று இருக்கும் மூக்கொலியைக் குறையாகக் கருதி வளைத்துவிடும் அபாயம் உண்டு. மேலும் அரக்குத் தட்டில் இசை குறைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சும் உயர் அலைவரிசையைத் தூக்கினால், பின்னால் அதே இடத்தில் இரைச்சலைக் கடுமையாக நீக்க வேண்டிவரும். அதற்கு மேல் 'ஆம்பியன்ட் ஸ்டீரியோ' என்று மோனோவுக்கு (ஒற்றைத் தட ஒலி) பக்கவாட்டு விரிவு சேர்க்கிறார்கள். மோனோ கோப்பும் கிடைத்தால் அதை எடுங்கள்.

ஒரு பதிப்பு சுத்த மோனோவா என்று ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம். பாட்டைத் திறந்து, 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, ஒரு தடத்தை மட்டும் தேர்ந்து 'இன்வர்ட்' போட்டு, இரண்டையும் சேர்த்து 'மிக்ஸ் அண்ட் ரெண்டர்' கொடுங்கள். மயான அமைதி வந்தால் சுத்த மோனோ. குகையில் யாரோ வாசிப்பதுபோல் மிச்ச ஒலி வந்தால் அதுதான் பின்னால் சேர்த்த எதிரொலி. வெறும் ஸ்ஸ்ஸும் பொரிச்சலும் மட்டும் மிஞ்சினால் இரண்டு பள்ளச் சுவர்களையும் ஸ்டீரியோ முள்ளால் எடுத்துவிட்டு மோனோவாக்க மறந்திருக்கிறார்கள்; நீங்களே மோனோவாக்கினால் இரைச்சல் பாதி குறையும்.

அதே மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) காட்சிக்கு மாறினால் வடிகட்டி தெரியும். 5,000 அல்லது 6,000 ஹெர்ட்ஸில் மலை விளிம்பு மாதிரி செங்குத்தாக இருண்டால் செயற்கை வெட்டு. படிப்படியாக மங்கினால் சரி. ஒப்பிடும்முன் எல்லாக் கோப்புகளையும் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' வழியே ஒரே அளவுக்கு, -23 எல்.யு.எஃப்.எஸ். (ஒலி உரப்பை அளக்கும் அலகு), கொண்டுவந்துவிடுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் பதிப்பையே காது 'நல்லது' என்று சொல்லிவிடும்.

அடுத்தது சுருதி. கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்களுக்கு இரைச்சலைவிட இதுதான் உறுத்தும். 78 என்று பெயரே தவிர, அந்தக் காலத் தட்டுகள் சரியாக 78இல் வெட்டப்படவில்லை. வேகம் 1 சதவீதம் பிசகினால் சுருதி 17 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) நகரும், ஏறக்குறைய 4.6 சுற்று கூடினால் முழு அரைச்சுரம் ஏறிவிடும், தாளமும் கூடவே ஓடும். மூன்றாம் சூட்டின் தொடக்கம் இதற்கென்றே செய்தது போல இருக்கும்: மேல் ஸியிலிருந்து இரண்டு ஸ்தாயி இறங்கி, திறந்த அடித்தந்தியில் வந்து உட்காரும். போனில் டியூனர் செயலியை வைத்துப் பாருங்கள்; ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்றால் அந்தத் தந்தி 65.4 ஹெர்ட்ஸ். ஆனால் அந்த எண்ணுக்கே ஒத்துவர வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது. காஸல்ஸ் சரியாக 440க்குத்தான் சேர்த்திருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. பார்க்க வேண்டியது, ஒரே சூட்டுக்குள் தட்டின் பக்கத்துக்குப் பக்கம் சுருதி ஒன்றாக நிற்கிறதா என்பது. 10 சென்ட் போகட்டும் என்று விடலாம். 25, 30 என்றால் வேலை செய்தவர் கவனிக்கவில்லை.

பக்க இணைப்பும் இங்கேதான் வருகிறது. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலு, நாலரை நிமிடம்தான் கொள்ளும். ஆறாம் சூட்டின் அல்லமாண்ட் (நிதானமான நடனப் பகுதி) போன்ற நீண்ட பகுதிகள் அதற்குள் அடங்காது. நடுவில் தட்டைத் திருப்ப வேண்டும். தட்டின் வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உள் விளிம்பில். அதனால் பக்க முடிவில் ஒலி மங்கும், அடுத்த பக்கத் தொடக்கத்தில் திடீரென்று பளிச்சென்று ஆகும். நல்ல பொறியாளர் முடிவை நோக்கி உயர் அலைவரிசையைச் சிறிது சிறிதாக ஏற்றி, இரைச்சலையும் சமப்படுத்தி, ஒட்டை மறைப்பார். மார்ஸ்டன் இதில் கில்லாடி. அல்லமாண்டில் ஒட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓபஸ் குரா இதற்கெல்லாம் அவ்வளவாக மெனக்கெடுவதில்லை, தட்டு மாறுவது தெரிகிறது.

இத்தனை பதிப்புகள் ஏன் வந்தன என்பதற்குச் சட்டம்தான் காரணம். பிரிட்டனில் அப்போதிருந்த 50 ஆண்டுக் காலவரையறை இந்தப் பதிவுகளுக்கு 1990க்குள் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் கதை வேறு. நாக்ஸோஸ் மீது, இ.எம்.ஐ.யின் அமெரிக்கக் கிளையாக இருந்த கேபிடல் ரெக்கார்ட்ஸ் தொடுத்த வழக்கில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் கேபிடல் பக்கம் நின்றது. வழக்கில் இருந்த மூன்று ரெக்கார்டுகளில் ஒன்று இதே காஸல்ஸ் சூட்டுகள். 2018இன் சட்டப்படி அங்கே 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டுப் பாதுகாப்பு. இந்தியாவில் 60 ஆண்டுதான், எப்போதோ தாண்டியாயிற்று. அதனால்தான் சில பதிப்புகள் அமெரிக்க ஸ்ட்ரீமிங் கணக்கில் தெரியாது, இங்கே தெரியும்.

இ.எம்.ஐ.க்கு ஒரு சாதகம் உண்டு என்று பலர் சொல்வார்கள்: லண்டனை ஒட்டிய ஹேய்ஸில் உள்ள காப்பகத்தில் உலோக அச்சுகள் அவர்களிடம்தானே இருக்கின்றன, மற்றவர்கள் சந்தையில் கிடைத்த தட்டுகளைத்தானே நம்பியிருக்கிறார்கள்? உலோக அச்சிலிருந்து வினைலில் அடித்துக் கேட்டால் அரக்கைவிட இரைச்சல் வெகுவாகக் குறையும், உண்மை. ஆனால் நல்ல மூலம் கையில் இருந்தும் கடைசிக் கட்டத்தில் வடிகட்டியை இறுக்கினால் அந்தச் சாதகம் அங்கேயே கரைந்துவிடுகிறது. கல்மா இரைச்சலோடு போராடிய மார்ஸ்டனிடம் வில் கேட்கிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டில் எங்களுக்கு மிக முக்கியமான சாட்சி.

ஆகவே ஒரே ஒரு பதிப்பு என்றால் நாக்ஸோஸ். பழைய தட்டுகளின் இரைச்சலுக்குக் காது பழகியவர்கள், நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஓபஸ் குராவைத் தேடிப் பிடிக்கலாம். அதுதான் செல்லோவுக்கு மிக அருகில் கொண்டுபோகிறது. முதன்முதலாகக் கேட்பவருக்கு, இரைச்சல் கேட்டதும் நிறுத்திவிடும் வீட்டாருக்கு, வார்னரின் 2003 ஒலி போதும். பிரிஸ்டீன் இரண்டாவதாக வாங்க வேண்டியது.

ஓபஸ் குரா எடுத்தால் இரண்டு எச்சரிக்கை. அதை 128 கேபிபிஎஸ் எம்பி3யாக மாற்றாதீர்கள். சுருக்கும் மென்பொருள் பிட்டுகளை எல்லாம் ஸ்ஸ்ஸுக்கே செலவழித்துவிட்டு, செல்லோவைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் அல்லது நேரடி சிடி. இரண்டாவது, ஹெட்போனில் இரைச்சல் தலைக்குள்ளேயே ஓடும். ஸ்பீக்கரில், அதுவும் ஒரே ஒரு ஸ்பீக்கரில் கேட்டால், இரைச்சல் ஒரு பக்கம் ஒதுங்கி வாத்தியம் முன்னால் வரும். அப்படியும் தாங்கவில்லை என்றால் ஈக்வலைசரில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிவாக 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள். அதற்கு மேல் இறக்கினால் இ.எம்.ஐ.யையே வாங்கியிருக்கலாம்.